பழைய நகரில் புதிய தேவாலயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த ரோமானிய நகரங்களில் ஏறத்தாழ கி.பி. 300 முதல் 650 வரை தேவாலயங்கள் எப்படி எழுந்தன, அதனால் தெருவும் குளியலகமும் சந்தையும் என்ன ஆயின என்று வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பேரரசர் கான்ஸ்டன்டீன் கிறிஸ்தவரானதும் பழைய கோயில்களை இடித்து, அதே இடத்தில் தேவாலயம் கட்டினார்கள் என்றுதான் பள்ளியில் படித்தேன். உண்மையா? (வாசகி, தெம்பனிஸ்)

ஒரு சில ஊர்களில் நடந்தது. அலெக்ஸாண்டிரியாவில் செராப்பிஸ் கோயில் 391 வாக்கில் தகர்க்கப்பட்டது. எருசலேமில் கான்ஸ்டன்டீனின் ஆட்கள் ஒரு கோயிலை அகற்றி, அடியிலிருந்த மண்ணையும் வாரிவிட்டுத்தான் இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தைக் கட்டினார்கள். 335இல் அது அர்ப்பணிக்கப்பட்டது. ஆனால் எல்லா ஊருக்கும் இதையே பொதுக்கதையாகச் சொல்வது தவறு.

ரோம் நகரத்தின் ஆண்டுக்கணக்கைப் பாருங்கள். கான்ஸ்டன்டீன் 312இல் மில்வியன் பாலத்துப் போரில் வென்றார். உடனே அவர் கட்டத் தொடங்கிய முதல் பெரிய தேவாலயம் லாத்தரன். அந்த நகரில் ஒரு பழைய கோயில் முதன்முதலாகத் தேவாலயமானது 609இல்தான்: பேரரசர் ஃபோகாஸ் பாந்தியனைப் போப் நான்காம் போனிஃபேஸிடம் ஒப்படைத்தபோது. நடுவில் ஏறத்தாழ 300 ஆண்டுகள்.

லாத்தரன் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நகரின் நடுவில் இல்லை. மதிலுக்கு உள்பக்கம், தென்கிழக்கு ஓரத்தில். போரில் தோற்ற மக்ஸென்டியஸுக்காகச் சண்டையிட்ட குதிரைப்படைக் காவலர்களின் பாசறை அங்கே இருந்தது. கான்ஸ்டன்டீன் அந்தப் படையைக் கலைத்தார், நிலம் அவர் கைக்கு வந்தது. பாசறைச் சுவர்களை ஓர் உயரத்தோடு வெட்டி, அறைகளை மண்ணால் நிரப்பி, மேடையாக்கி, அதைத் துளைத்துப் புது அடித்தளம் போட்டார்கள். மேலே எழுந்த மண்டபத்தின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். நகர மையத்திலோ கோயில்களும் பொதுக்கட்டடங்களும் நெருக்கமாக நின்றன. பழைய வழிபாட்டை விடாத செனட் குடும்பங்களுக்கு அவற்றோடு தலைமுறைத் தொடர்பு இருந்தது. அவர்களைப் பகைக்கும் அவசியம் பேரரசருக்கு இல்லை. ஆகவே ஒரு தேவாலயம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று யோசிக்கும்போது, அந்த நிலம் அதற்கு முன் யார் கையில் இருந்தது என்றுதான் முதலில் தேட வேண்டும்.

கோயில்களில் பலி கொடுப்பதை 391இல் சட்டம் தடுத்தது. அதன்பின் பல கோயில்கள் பூட்டிக் கிடந்தன. 458இல் பேரரசர் மேஜோரியன் ரோமின் பழைய பொதுக்கட்டடங்களை இடிக்கத் தடை போட்டார். இடிக்க அனுமதி தரும் அதிகாரிக்கு 50 ராத்தல் தங்கம் அபராதம். இவ்வளவு கடுமையான அபராதம் வந்ததிலிருந்தே, கல்லுக்காகக் கட்டடத்தை உடைப்பது எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்று தெரிகிறது. உடைத்தவர்களில் பலருக்கு வேண்டியிருந்தது கல் மட்டுமே.

கான்ஸ்டன்டீனுக்கு முன் கிறிஸ்தவர்கள் எங்கே கூடினார்கள்? (தொடக்கக் கல்லூரி மாணவர், பீஷான்)

வீடுகளில். அப்படி ஒரு வீடு அகழாய்வில் முழுதாகக் கிடைத்தது சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலுள்ள துரா யூரோப்பஸில். முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள சாதாரண வீடு. ஊர் மதிலை ஒட்டிய தெருவில் இருந்தது. 240 வாக்கில் அதை மாற்றினார்கள். இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை எடுத்து நீண்ட கூடமாக்கி, ஒரு முனையில் சிறு மேடை வைத்தார்கள். வேறோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டி, மேலே தூண்கள் தாங்கும் விதானம் அமைத்து, சுவரில் நல்ல மேய்ப்பன் ஓவியம் தீட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அதே தெருவில் யூதர்களின் தொழுகைக்கூடமும் இருந்தது.

256இல் பாரசீகத்தின் சாசானியப் படை ஊரை முற்றுகையிட்டது. மதிலைப் பலப்படுத்த ஊர்க்காரர்கள் உள்பக்கத்தில் மண்ணைக் குவித்து அந்தத் தெருவையே மூடிவிட்டார்கள். ஊர் வீழ்ந்தது, யாரும் திரும்பி வரவில்லை. மண்ணுக்கடியில் போனதால்தான் ஓவியங்கள் தப்பின.

பழைய கோயில் தூண்களைக் கழற்றித் தேவாலயத்தில் நிறுத்தினார்கள் என்கிறார்கள். மொபைல் கிரேன் இல்லாமல் எப்படி முடிந்தது? (கட்டுமானத் தள மேற்பார்வையாளர், துவாஸ்)

தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி, விரிவாகவே சொல்கிறோம்.

துருக்கியிலுள்ள அஃப்ரோடிசியாஸ் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே அஃப்ரோடைட்டி கோயிலைச் சுற்றி வெளித்தூண் வரிசை இருந்தது: முன்னும் பின்னும் எட்டு, பக்கங்களில் 13. மூலைத்தூண்களை இருமுறை எண்ணாமல் கூட்டினால் 38. உள்ளே சுவர் எழுப்பிய கருவறை. கி.பி. 500 வாக்கில் இதை உள்வெளியாகப் புரட்டிப் போட்டார்கள். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மூலைகளுக்கு இடையே நின்ற ஆறாறு தூண்களைக் கழற்றி, பக்க வரிசைகளை நீட்டினார்கள். பக்கத்துக்கு 13 என்பது 19 ஆனது. கருவறைச் சுவரைப் பிரித்து, அதே கல்லால் தூண்களுக்கு வெளியே புதுச்சுவர் எழுப்பினார்கள். முன்பு வெளிப்பிரகாரத் தூணாக இருந்தது இப்போது கூடத்தின் உள்தூண். பூசாரி மட்டும் நுழைந்த சிறு அறை இருந்த இடத்தில் ஊரே நிற்கும் மண்டபம் வந்தது.

பிரிக்கும் வேலை எப்போதும் மேலிருந்து கீழே: ஓடு, மர உத்தரம், கூரைவிளிம்புக் கல், தூண்களை இணைக்கும் குறுக்குக்கல், தூண்தலை, கடைசியில் தூண்தண்டு. குறுக்குக்கல்லை எடுத்த நொடியிலிருந்து தூண் தனியாக நிற்கிறது, பக்கப்பிடிப்பு கிடையாது. அதற்குமுன் சாரம் கட்டி நாலு பக்கமும் முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

எடையைக் கணக்கிடலாம். பளிங்குக்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.7 டன். ஆறு மீட்டர் உயரமும் 0.7 மீட்டர் விட்டமும் உள்ள ஒற்றைக்கல் தூணின் கனஅளவு 2.3 கன மீட்டர். எடை ஆறு டன்னுக்குச் சற்று மேல். ரோமானியப் பாரந்தூக்கியில் மரக்கால்கள், கப்பித் தொகுதி, ஆட்கள் உள்ளே ஏறி மிதிக்கும் பெரிய சக்கரம் ஆகியவை உண்டு. ஐந்து கப்பி கொண்ட தொகுதியைக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் விவரித்திருக்கிறார். அதில் சுமை ஐந்து கயிற்றுப் பிரிவுகளில் பகிரப்படும். ஆறு டன் தூணுக்குப் பிரிவு ஒன்றுக்கு 1.2 டன், உராய்வு தனி. கல்லின் தலையில் மேலே குறுகி உள்ளே விரியும் குழி வெட்டி, அதில் இரும்பு ஆப்புகளைச் செருகி வளையம் மாட்டுவார்கள். இடிபாடுகளில் கல்லின் மேற்பரப்பில் அந்தக் குழியை இன்றும் பார்க்கலாம்.

இனி, தவறு நேரும் இடங்கள். முதலாவது அடித்தளம். பழைய தூணடி ஐந்நூறு ஆண்டுகளாக அமிழ்ந்து உறுதியானது. நீட்டிய பகுதிக்குப் போடும் புதிய அடித்தளம் இனிமேல்தான் அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் வரும். இரண்டாவது உயரம். பல கட்டடங்களிலிருந்து பொறுக்கிய தூண்கள் ஒரே அளவில் இருக்காது. குட்டையான தூணுக்கு உயரமான பீடம் வைப்பார்கள், அல்லது தூண்தலைக்கு மேல் ஒரு சரிவுக்கட்டைக் கல்லைச் சேர்ப்பார்கள். வரிசையில் பீடங்கள் வெவ்வேறு உயரத்தில் இருந்தால் பழைய தூண்கள் என்று சந்தேகப்படலாம். மூன்றாவது, தூண்களுக்கு மேல் நேரான குறுக்குக்கல்லுக்குப் பதில் செங்கல் வளைவு வைக்கும்போது வரும் பக்கவாட்டு உந்தல். கடைசித் தூணில் அதைத் தாங்கப் பருமனான சுவரோ முட்டுத்தூணோ இல்லையென்றால் வரிசையே விரியும். நான்காவது இரும்புப் பிணைப்பு. கல்லுக்குக் கல் பிணைக்கும் இரும்பைச் சுற்றி உருக்கிய ஈயம் ஊற்ற வேண்டும். ஈயம் சரியாக மூடாத இடத்தில் ஈரம் புகுந்து, இரும்பு துருப்பிடித்துப் பருத்து, பளிங்கை உள்ளிருந்தே பிளக்கும்.

எல்லாத் தூணும் பழையதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சிசிலியின் தென்கிழக்கே மார்ஸமேமிக்கு அருகே 6ஆம் நூற்றாண்டில் ஒரு கப்பல் மூழ்கியது. அதில் ஒரு தேவாலயத்துக்கான புதிய தூண்களும் பீடங்களும் தூண்தலைகளும் பலிபீடத் தடுப்புப் பலகைகளும் வாசக மேடையும் இருந்தன. மர்மரா கடல் தீவுச் சுரங்கத்துப் பளிங்கு. உங்கள் தளத்துக்கு லாரியில் வரும் முன்வார்ப்புப் பாகங்கள் போல, அளவெடுத்துச் செதுக்கி மொத்தமாக அனுப்பும் முறை அன்றே இருந்தது.

நம் கோயில்களில் சன்னதி பெரும்பாலும் கிழக்கு பார்த்திருக்கும். சர்ச்சில் பலிபீடமே கிழக்குக் கோடியில் என்கிறார்கள். பழைய கோயிலைத் தேவாலயமாக்கும்போது இது முரணாகாதா? (வாசகி, ஆஃபிர் சாலை)

முரணாகத்தான் இருந்தது. கிரேக்கக் கோயில்களிலும் பெரும்பாலும் வாசல் கிழக்கே, சிலை கிழக்கு நோக்கி. தேவாலயத்தில் மக்கள் கிழக்கு நோக்கி நின்று வேண்டுவார்கள், அரைவட்ட மாடமும் பலிபீடமும் கிழக்கில் வரவேண்டும். ஆகவே ஏதென்ஸ் பார்த்தெனானைத் தேவாலயமாக்கியபோது கிழக்கு வாசலை அடைத்து மாடம் கட்டி, மேற்குப் பக்கத்தை நுழைவாயிலாக்கினார்கள்.

சிசிலித் தீவின் சிராகூஸில் அத்தேனா கோயிலுக்கு நடந்தது அஃப்ரோடிசியாஸுக்கு நேர் எதிரானது. அங்கே எதையும் நகர்த்தவில்லை. வெளித்தூண்களுக்கு இடையிலிருந்த இடைவெளிகளைச் சுவரால் அடைத்தார்கள். கருவறைச் சுவரில் வரிசையாக வளைவுகள் குடைந்தார்கள். கருவறை நடுக்கூடமானது, சுற்றுப்பாதை பக்கக்கூடமானது. செலவு குறைவு, கட்டடமும் நிலைத்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுத் தூண்கள் சுவருக்குள் பாதி புதைந்து நிற்க, அது இன்றும் அந்நகரின் பேராலயமாக இருக்கிறது. எங்களைக் கேட்டால், இருக்கும் கட்டடத்தை மாற்றிப் பயன்படுத்தியவற்றில் மிகச் சிறந்த வேலை இதுதான்.

கிழக்கு விதி தொடக்கத்திலேயே கெட்டிப்படவில்லை. லாத்தரனிலும் வத்திகானின் பழைய பேதுரு தேவாலயத்திலும் மாடம் மேற்கில்தான்.

பிடாடாரி கல்லறைகளைத் தோண்டியெடுத்துவிட்டுத்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் கட்டினார்கள். வத்திகானில் கல்லறை மேலேயே தேவாலயம் கட்டினார்களாமே? (வாசகர், பொத்தோங் பாசிர்)

ஆம், ஆனால் முறை வேறு. இங்கே சிங்கப்பூரில் எலும்புகளை எடுத்துத் தகனம் செய்தோ வேறிடத்தில் அடக்கியோ நிலத்தைக் காலி செய்கிறோம். சுவா சூ காங் இடுகாட்டில் புதைக்கும் காலமே 1998 முதல் 15 ஆண்டு. ரோமானியச் சட்டத்தில் கல்லறையைக் கலைப்பது குற்றம். நகர எல்லைக்குள் புதைப்பதும் கூடாது, அதனால் கல்லறைகள் மதிலுக்கு வெளியே சாலையோரங்களில் இருந்தன. பேதுருவின் கல்லறை என்று நம்பப்பட்ட இடம் வத்திகான் சரிவில், அப்படிப்பட்ட ஓர் இடுகாட்டின் நடுவே இருந்தது. அந்த இடம் பலிபீடத்தின் கீழ் வரவேண்டும் என்பதால் கட்டடத்தை வேறெங்கும் தள்ளிவைக்க வழியில்லை.

வடக்கே குன்றை வெட்டினார்கள், தெற்கே மண் கொட்டி உயர்த்தினார்கள். செல்வர்களின் கல்லறை வீடுகளுக்குக் கூரையை மட்டும் எடுத்து, உள்ளே மண் நிரப்பினார்கள். சுவர்களை இடிக்கவில்லை. அவை கட்டம் கட்டமாக நின்று, கொட்டிய மண் சரிவில் வழுகாமல் பிடித்துக்கொண்டன. மத்தியில் கூடுதல் குறுக்குச்சுவர்களும் எழுப்பினார்கள். 1939 முதல் 1949 வரை நடந்த அகழாய்வில் அந்தக் கல்லறை வீடுகள் ஓவியங்களோடும் பெயர்க்கல்வெட்டுகளோடும் வெளிவந்தன.

காலப்போக்கில் பழைய விதியே மாறியது. புனிதர்களின் எலும்புகள் நகருக்குள்ளிருந்த தேவாலயங்களுக்கு வந்தன. அவர்கள் அருகில் அடங்க மக்கள் விரும்பினார்கள், மதிலுக்கு உள்ளேயே புதைகுழிகள் தோன்றின. ஒரு ரோமானிய நகரத்தின் வரைபடத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் வேறில்லை என்பது எங்கள் எண்ணம்.

டிசம்பர் விடுமுறையில் ஜோர்தான் போகிறோம். ஜெராஷில் அரைநாள்தான். எதைப் பார்ப்பது? (ஒரு தம்பதி, செங்காங்)

அரைநாள் போதும், வரிசை தெரிந்தால். பழைய பெயர் ஜெராசா. 15க்கும் மேற்பட்ட தேவாலயங்கள் அங்கே கண்டறியப்பட்டுள்ளன. ஒரே ஊரில் இந்த மாற்றத்தைப் படிப்படியாகக் காண இதற்கு இணையான இடம் குறைவு.

தெற்கு வாசலில் நுழைந்து, முட்டை வடிவத் திடலைக் கடந்து, தூண்வரிசைத் தெருவில் வடக்கே நடங்கள். முதல் பெரிய குறுக்குச்சந்திப்பைத் தாண்டியதும் இடப்பக்கம் பேராலய வாசல் வரும். அந்த வாசலும் அகலமான படிக்கட்டும் தேவாலயத்துக்கு முன்பிருந்த ஒரு கோயிலுடையவை. படியேறினால் எதிரே ஒரு சுவர்தான் நிற்கும், அதில் மரியாளுக்கான சிறு மாடம். கதவு இருக்காது. காரணம் முந்தைய பதிலில் சொன்ன திசைச் சிக்கல். தெரு கிழக்கே, பலிபீடமும் கிழக்கே, எனவே தெருவிலிருந்து வருபவர் தேவாலயத்தின் முதுகுக்குத்தான் வந்து சேர்கிறார். பக்கவாட்டில் சுற்றி மேற்கே போனால் நீர்த்தொட்டி முற்றம். இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானாவூர் அற்புதத்தின் நினைவுநாளில் அந்த ஊற்று திராட்சை ரசமாகும் என்று 4ஆம் நூற்றாண்டு ஆயர் எபிபானியஸ் எழுதியிருக்கிறார்.

முற்றத்துக்கு மேற்கே, உயரத்தில், 494 முதல் 496 வரை கட்டிய புனித தியோடோர் தேவாலயம். அதன் கல்வெட்டைப் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள். இந்த இடத்தில் முன்பு செத்த விலங்குகளைப் போட்டார்கள், வழிப்போக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள், இப்போதோ நறுமணம் வீசுகிறது, கடந்து போகிறவர் சிலுவை அடையாளம் இடுகிறார் என்பது அதன் கருத்து. நகர நடுவிலேயே குப்பை கொட்டும் காலிநிலம் இருந்திருக்கிறது, அதைத் தேவாலயம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே ஆயர் பிளாக்கஸ் 454-455இல் கட்டிய குளியலகம். குளியலகம் கட்டுவது முன்பெல்லாம் நகரசபைப் பெருந்தனக்காரர் செய்த வேலை.

மேற்கே இன்னும் நடந்தால் ஒரே முன்முற்றத்தைப் பகிரும் மூன்று தேவாலயங்கள், 529க்கும் 533க்கும் இடையில் எழுந்தவை. வடக்கே உள்ள கொஸ்மாஸ்-தமியான் தேவாலயத்தின் மொசைக் தரையை மட்டும் நிதானமாகப் பாருங்கள். நன்கொடை தந்த தியோடோரும் மனைவி ஜார்ஜியாவும் கல்வெட்டின் இருபுறமும் நிற்பார்கள். ஆர்ட்டெமிஸ் கோயிலுக்கு மேற்கே உள்ள இன்னொரு தேவாலயம் 530-531இல் யூதத் தொழுகைக்கூடத்தின் மேல் கட்டப்பட்டது. அங்கே கூடத்தின் திசையையே திருப்பி, பழைய நுழைவாயில் பக்கத்தில் மாடத்தை வைத்தார்கள்.

கல்வெட்டுகளில் உள்ள ஆண்டு கி.பி. ஆண்டல்ல. அந்த ஊர்க்கணக்கு கி.மு. 63இன் இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. 592 என்று இருந்தால் 63ஐக் கழியுங்கள்: 529. ஆண்டு இலையுதிர்காலத்தில் பிறப்பதால் அது 529-530 என்று இரண்டு ஆண்டுகளில் விழும்.

திரும்பும்போது தெருவின் கிழக்குப் பக்கம், ஆர்ட்டெமிஸ் கோயில் நுழைவாயிலுக்கு நேர் எதிரே நில்லுங்கள். ஆற்றங்கரைப் பாலத்திலிருந்து கோயிலுக்கு ஊர்வலம் வந்த பாதை அது. 6ஆம் நூற்றாண்டில் அந்தப் பாதையின் மேலேயே ஒரு தேவாலயம் கட்டினார்கள். அங்குள்ள மொசைக் கல்வெட்டின் ஆண்டு 565. பின்னால் கோயில் தூண்கள் அப்படியே நிற்கின்றன. கோயிலைத் தொடவில்லை, அதற்குப் போகும் வழியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஊர் அதோடு முடியவில்லை. 611இலும் ஒரு தேவாலயம் கட்டினார்கள். முன்சொன்ன குறுக்குச்சந்திப்பின் ஓரத்தில், பழைய குளியலகத்தின் மேல் எழுந்த பெரிய பள்ளிவாசலை அகழாய்வாளர்கள் 2002இல் கண்டுபிடித்தார்கள். ஊரின் பெரும்பகுதியைச் சாய்த்தது 749ஆம் ஆண்டு நிலநடுக்கம்.

தேவாலயங்கள் பெருகியதால்தான் நகரங்கள் சீரழிந்தனவா? (வாசகர், ஈசூன்)

இல்லை. நகரசபை உறுப்பினர்கள் வரிப்பாக்கிக்குத் தங்கள் சொத்தையே ஈடுகாட்ட வேண்டியிருந்தது. முடிந்தவர்கள் அந்தப் பொறுப்பிலிருந்து நழுவினார்கள். அவர்கள் விட்ட வேலைகளை ஆயர்கள் எடுத்தார்கள். 318 முதல் உரிமை வழக்குகளை ஆயரிடம் கொண்டுபோகவும் சட்டம் இடம் தந்தது. இன்றைய துருக்கியிலுள்ள செசரியாவில் ஆயர் பசிலியோஸ் 370 வாக்கில் நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய விடுதிகள் கட்டினார். பணம் அரங்கத்திலிருந்தும் குளியலகத்திலிருந்தும் இவற்றுக்கு நகர்ந்தது. ரோமின் பெரிய குளியலகங்கள் நின்றுபோனதற்குக் காரணம் போர்: 537 முற்றுகையில் கோத்தியர்கள் நீர்க்கால்வாய்களைத் துண்டித்தார்கள். தூண்வரிசைத் தெருக்களில் கடைகள் நடைபாதையை அடைத்துக்கொண்டதையும் சிலர் சீரழிவு என்பார்கள். எங்களுக்கு அது வியாபாரம் சூடாக நடந்ததன் அடையாளமாகத்தான் தெரிகிறது.

தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் கடற்கரை. அதுபோல் கடல் விலகியதால் தேவாலயம் இடம் மாறிய ஊர் உண்டா? (வாசகி, அங் மோ கியோ)

துருக்கியிலுள்ள எபேசுஸ். தெலுக் ஆயரில் மனிதர்கள் கடலைத் தூர்த்தார்கள். எபேசுஸ் துறைமுகத்தை ஆற்று வண்டல் தூர்த்தது. பழைய மரியாள் தேவாலயம் துறைமுகத்துக்கு அருகே, ஒரு கோயில் வளாகத்தின் நீண்ட தெற்கு மண்டபத்துக்குள் கட்டப்பட்டது. 431இல் திருச்சபை ஆயர்களின் பொதுச்சங்கம் கூடிய ஊர் இது. பின்னர் பேரரசர் ஜஸ்டினியன் உள்நிலத்தில் ஆயசுலுக் குன்றின்மேல் ஆறு குவிமாடங்களோடு புனித யோவான் தேவாலயத்தைக் கட்டினார். மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் குடிபெயர்ந்தார்கள். இன்றைய செல்ச்சுக் ஊர் அந்தக் குன்றைச் சுற்றித்தான் இருக்கிறது. போகிறவர்கள் காலையில் கீழே மரியாள் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மாலையில் குன்றேறினால், ஊர் நகர்ந்த திசையிலேயே நீங்களும் போவீர்கள்.